காடு யாருடையது? லிங்கியு நீர்த்தேக்கத்திலிருந்து கார்பன் கிரெடிட் வரை

சிங்கப்பூரில் இருப்பவருக்குக் காடு பற்றிய செய்தி மூன்று வழியாக வந்து சேர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் புகைமூட்டமாக. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் புலிகள் காப்பகம், பழங்குடியினர், வனத்துறை என்ற தகராறாக. சில ஆண்டுகளாக, கரிம வரி கட்டும் நிறுவனங்கள் தங்கள் கரிம வெளியேற்றத்தை ஈடுகட்ட வாங்கும் கார்பன் கிரெடிட்டாக.

மூன்றையும் படிப்பவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். ஒரு செய்தியில் காட்டுக்குத் தீ வைப்பவர்கள் அங்குள்ள பழங்குடியினர். இன்னொன்றில் அவர்கள்தான் காட்டின் காவலர்கள். ஒரு நீதிமன்றம் அவர்களை வெளியேற்றச் சொல்கிறது, இன்னொன்று இழப்பீடு கொடுக்கச் சொல்கிறது.

இதை ‘காடா, மக்களா’ என்ற பட்டிமன்றத் தலைப்பாக எடுத்துக்கொண்டால் எதுவும் பிடிபடாது. இந்த வழக்குகளை வரிசையாகப் படித்தால், அடியில் ஓடும் கேள்வி வேறு: யாருடைய கையெழுத்து இல்லாமல் அந்தக் காட்டைத் தொடக்கூடாது? அதற்கு ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் சொல்லும் பதிலைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

காடு அரசாங்கத்தின் சொத்தானது எப்படி

இந்தியாவில் 1864இல் பிரிட்டிஷ் அரசு வனத்துறையைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். 1865இல் முதல் வனச் சட்டம், 1878இல் அதைவிடக் கடுமையான ஒன்று, பிறகு 1927ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 1927 சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையும் கப்பலுக்குத் தேக்கும் தட்டில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதே அன்றைய கவலை. ‘பாதுகாப்பு’ என்று அவர்கள் சொன்னது மரக் கையிருப்பின் பாதுகாப்பைத்தான்.

அதே முறை இந்தப் பக்கமும் வந்தது. காம்பீர், மிளகுத் தோட்டங்களால் சிங்கப்பூரின் உட்பகுதி மொட்டையாகிப்போன நிலையில், தாவரப் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நதேனியல் கான்ட்லி 1883இல் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) காடுகள் பற்றி அறிக்கை எழுதினார். இங்கே காப்புக்காடுகள் ஒதுக்கப்பட்டது அதன் பிறகுதான். புக்கிட் தீமாவும் அப்படி ஒதுக்கப்பட்டதுதான். 1901இல் மலாய் மாநிலங்களுக்கும் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் தலைமை வன அதிகாரியாக வந்த பர்ன்-மர்டாக், பர்மாவில் இந்திய வனப் பணியில் இருந்தவர். நீலகிரியில் ஒரு குறும்பரும் பகாங்கில் ஒரு ஜகுன் குடியினரும் ஒரே மாதிரியான சிக்கலில் மாட்டிக்கொண்டது தற்செயல் இல்லை.

இனி அடிக்கடி வரப்போகும் மூன்று சொற்களை முதலில் பார்த்துவிடலாம்.

1. காப்புக்காடு: அரசிதழில் அறிவித்து எல்லை போட்ட காடு. அதற்குள் விறகு, தேன், வேட்டை, மேய்ச்சல் எல்லாமே அனுமதி இருந்தால்தான். அறிவிப்பு வந்ததும் குறித்த காலத்துக்குள் அதிகாரியிடம் போய் உரிமை கோர வேண்டும். கோராவிட்டால் உரிமை போய்விடும். அரசிதழ் எட்டாத மலையில் இருப்பவர் எப்படிக் கோருவார் என்று அன்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

2. வழக்காற்று உரிமை: பட்டா இல்லாவிட்டாலும், தலைமுறைகளாக ஓரிடத்தைப் பயன்படுத்தி வருவதால் பிறக்கும் உரிமை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதை ‘அடாட்’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள்.

3. சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதல்: மிரட்டல் இல்லாமல், வேலை தொடங்கும் முன்பே, முழு விவரமும் சொல்லிப் பெறும் சம்மதம். 2007இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் மையக் கருத்து இது. பிரகடனத்துக்கு ஆதரவாக 144 நாடுகள் வாக்களித்தன. இந்தியா, மலேசியா, இந்தோனேசியா மூன்றும் அதில் உண்டு. ஆனால் பிரகடனம் சட்டம் ஆகாது. நீதிமன்றத்தில் அதை மட்டும் நீட்டி வழக்கை வெல்ல முடியாது.

சிங்கப்பூருக்கென்று இப்படி ஒரு வனவுரிமைச் சட்டம் கிடையாது. அரசமைப்பின் 152ஆவது பிரிவு மலாய்க்காரர்களை இந்நாட்டின் பூர்வகுடிகளாக ஏற்று, அவர்களின் நலன்களைக் காப்பது அரசின் பொறுப்பு என்கிறது. அது காட்டு நிலம் பற்றியது அல்ல. காட்டையும் ஆற்றுமுகத்தையும் நம்பிப் பிழைத்தவர்கள் இங்கே இல்லாமலும் இல்லை. காலாங் ஆற்றில் படகிலேயே வாழ்ந்த ஒராங் காலாங் மக்களை 1840களில் மலாய் ஆட்சித் தலைவரான தெமெங்கோங் ஜோகூரின் புலாய் ஆற்றுக்கு மாற்றினார். அங்கே பெரியம்மை வந்து அவர்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். ஒராங் செலேத்தார் மக்களோ நீரிணையின் அந்தப் பக்கம் தங்கிவிட்டார்கள்.

நம் குழாய்த் தண்ணீரும் ஒரு தீர்ப்பும்

ஒராங் அஸ்லி எனப்படும் தீபகற்ப மலேசியப் பூர்வகுடிகளின் உரிமை பற்றிய மலேசியத் தீர்ப்புகளில் முதலில் நிற்கும் வழக்கு சிங்கப்பூரின் தண்ணீரோடு தொடர்புள்ளது என்பது இங்கே பலருக்கும் தெரியாது.

1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை நாம் எடுக்கலாம். மழை குறைந்த காலத்திலும் ஆற்றில் நீர் ஓட வேண்டுமே. அதற்காக மேற்பகுதியில் லிங்கியு என்ற இடத்தில் அணை கட்ட, 1990இல் ஜோகூர் அரசும் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகமும் உடன்பாடு செய்துகொண்டன. நீர்ப்பிடிப்புப் பகுதியாக ஏறத்தாழ 53,000 ஏக்கர் காடு ஒதுக்கப்பட்டது. ஜோகூருக்குக் கிடைத்த தொகை 320 மில்லியன் ரிங்கிட்.

அந்தக் காட்டில்தான் ஜகுன் மக்கள் பிரம்பு வெட்டினார்கள், பிசின் எடுத்தார்கள், பழம் பறித்தார்கள், வேட்டையாடினார்கள். நிலையான கிராமங்களுக்கு அவர்களை முன்பே மாற்றியிருந்தாலும் பிழைப்புக்குக் காட்டுக்குள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மாநில அரசு அவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு சுமார் 560,000 ரிங்கிட். பழமரங்களுக்கும் பயிருக்கும் மட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வாங்கிய தொகையில் ஆயிரத்துக்கு இரண்டு ரிங்கிட்கூட வரவில்லை.

52 பேர் வழக்குப் போட்டார்கள். அடோங் பின் குவாவ் வழக்கு என்று அது அறியப்படுகிறது. எதிர்த்தரப்பு ஜோகூர் அரசு, சிங்கப்பூர் அல்ல. 1997இல் வெளியான ஜோகூர் பாரு உயர் நீதிமன்றத் தீர்ப்பு சொன்னதன் சாரம் இது: மூதாதையர் நிலத்தில் வாழவும் அதன் விளைச்சலை அனுபவிக்கவும் இவர்களுக்கு உரிமை உண்டு. அது பட்டா போன்ற சொத்துரிமை அல்ல. ஆனாலும் போதிய இழப்பீடின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்ற மலேசிய அரசமைப்பின் 13ஆவது பிரிவு இதையும் காக்கும்.

நீதிபதி இழப்பைப் பிரித்த விதம் கவனிக்கத்தக்கது. மூதாதையர் நிலம் பறிபோனது, அங்கே தங்கவும் நடமாடவும் இருந்த சுதந்திரம் போனது, காட்டு விளைச்சல் போனது, தன் எதிர்காலப் பிழைப்பு போனது, தன் வாரிசுகளின் பிழைப்பு போனது. பழமரம் என்ற ஒற்றைத் தலைப்பில் அடங்கியிருந்த இழப்பு ஐந்து தலைப்புகளாக விரிந்தது. தொகை 26.5 மில்லியன் ரிங்கிட் ஆனது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1998இல் அதை உறுதி செய்தது.

தீர்ப்பு கொடுத்தது பணம், காடு திரும்பவில்லை. ‘எங்களைக் கேட்டிருக்க வேண்டும்’ என்பதற்கும் ‘எங்களுக்கு ஈடு கொடுத்திருக்க வேண்டும்’ என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அடோங் வழக்கு இரண்டாவதை மட்டுமே தீர்த்து வைத்தது. அணைக்கான உடன்பாடு செய்யும்போது மேசையில் இரண்டு தரப்புகள்தான் இருந்தன, அன்றைய சட்டமும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பட்டா இல்லாத குடியிருப்பு

நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததன் காரணம் 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டத்தில் இருக்கிறது. மலாயா அவசரகாலத்தில், காட்டில் இருந்த கம்யூனிஸ்டு போராளிகளிடமிருந்து ஒராங் அஸ்லியைப் பிரிக்கும் நோக்கம் வலுவாக இருந்தபோது வந்த சட்டம் அது. மாநில அரசு ஓரிடத்தைப் பூர்வகுடி ஒதுக்கிடம் என்று அறிவிக்கலாம். அறிவிப்பைத் திரும்பப் பெறவும் செய்யலாம். அங்கே இருப்பவர் நிலை, ஒப்பந்தம் இல்லாமல் வாடகை அறையில் தங்குபவர் நிலைதான்: வீட்டுக்காரர் சொல்லும்வரை இருக்கலாம். பழமரத்துக்கு இழப்பீடு உண்டு. நிலத்துக்கு இழப்பீடு ‘கொடுக்கலாம்’ என்கிறதே தவிர, கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

இதோடு இன்னொரு முடிச்சு. மலேசிய அரசமைப்பில் நிலமும் காடும் மாநிலங்களின் கையில். ஒராங் அஸ்லியின் நலன் மத்திய அரசாங்கத்தின் கையில். வெட்டுமர வரியும் நிலப் பிரீமியமும் மாநிலத்துக்கு வருமானம். காக்க வேண்டியவரிடம் நிலம் இல்லை, நிலம் இருப்பவருக்குக் காப்பதில் வருமானம் இல்லை. கிளந்தானின் குவா மூசாங் பகுதியில் தெமியார் மக்கள் மரம் வெட்டுவோருக்கும் டுரியான் தோட்டங்களுக்கும் எதிராகச் சாலையில் தடுப்பு வைத்தபோது, 2019 ஜனவரியில் மத்திய அரசாங்கமே அவர்கள் சார்பில் கிளந்தான் அரசின் மீது வழக்குப் போட்டது இதனால்தான்.

நீதிமன்றங்களும் ஒரே திசையில் நடக்கவில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்துக்குச் சாலை போட டெங்கிலில் தெமுவான் மக்களின் நிலத்தை எடுத்த சாகோங் தாசி வழக்கில் 2002இலும் 2005இலும் தீர்ப்பு மக்கள் பக்கம். நிலத்துக்கே இழப்பீடு உண்டு என்றது. 2010இல் 6.5 மில்லியன் ரிங்கிட்டுக்குச் சமரசம் ஆனது. ஆனால் சரவாக்கில் 2016இல் கூட்டரசு நீதிமன்றம், இபான் மக்கள் பயிர் செய்த நிலத்துக்கு மேல் வேட்டைக்கும் சேகரிப்புக்கும் வைத்திருந்த காட்டின் மீதான வழக்கத்துக்குச் சட்ட வலு இல்லை என்றது. லிங்கியுவில் உரிமையாக ஏற்கப்பட்டது சரவாக்கில் இல்லாமல் போனது. எதிர்ப்புக்குப் பிறகு, 2018இல் சரவாக் தன் நிலச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

புகைமூட்டத்தின் பின்னால் ஒரு வரைபடம்

அடுத்து இந்தோனேசியா. 1999ஆம் ஆண்டு வனச் சட்டம், அடாட் காடு என்பது பழங்குடிச் சமூகத்தின் பகுதியில் இருக்கும் ‘அரசுக் காடு’ என்று வரையறுத்தது. 2013 மே மாதம் அரசமைப்பு நீதிமன்றம் அந்த வரையறையிலிருந்து ‘அரசு’ என்பதை நீக்கியது. தாளில் ஒரே இரவில் நிலைமை மாறியது. தரையில் அப்படி இல்லை. ஒரு சமூகம் அடாட் சமூகம்தான் என்று வட்டார அரசு முதலில் விதி இயற்ற வேண்டும், பிறகு எல்லை அளக்க வேண்டும், அப்புறம் அமைச்சு ஏற்க வேண்டும். முதல் ஒன்பது சமூகங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது 2016 டிசம்பரில். மொத்தம் ஏறத்தாழ 13,100 ஹெக்டர்.

சரி, தீ வைப்பது யார்? இரண்டு வேறு தீகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. கனிம மண் மேட்டில் சிறு துண்டு நிலத்தை எரித்து, நெல் விதைத்து, பிறகு பல ஆண்டு தரிசாக விடும் சுழற்சி விவசாயம். ஒரு குடும்பத்துக்கு 2 ஹெக்டர் வரை, உள்ளூர் ரகம் பயிரிட, தீத்தடுப்பு ஓடையோடு செய்தால் 2009ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் இதற்கு விலக்கு அளித்திருக்கிறது.

2. கரிச்சதுப்பு நிலத்தில் எரியும் தீ. மட்கிய செடிகொடிகள் பல மீட்டர் ஆழத்துக்கு ஈரமாகப் படிந்த நிலம் அது. ஈரம் இருக்கும்வரை எளிதில் பற்றாது. செம்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் நிலமே விறகாகிவிடும். மேலே அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகையும். 1990களின் நடுவில் சுகார்த்தோ அரசு மத்திய கலிமந்தானில் ஒரு மில்லியன் ஹெக்டர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கக் கால்வாய்களை வெட்டித் தள்ளியது. நெல் விளையவில்லை. டாயாக் மக்களின் நிலம் காய்ந்து கிடந்தது, ஒவ்வொரு வறட்சியிலும் எரிந்தது.

தோ பாயோவில் ஜன்னலைச் சாத்த வைக்கும் புகையில் பெரும்பங்கு இரண்டாவது வகை. ஆனால் 2015இல் 2.6 மில்லியன் ஹெக்டர் எரிந்த பிறகு வந்த கெடுபிடியில், மூங்கில் தீப்பந்தத்தோடு பிடிபட்டவர்களில் முதல் வகையினரும் உண்டு. கால்வாய் வெட்டியவரைவிடக் கையில் தீப்பந்தம் இருப்பவரைப் பிடிப்பது எளிது.

2013 ஜூனில் இங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது நினைவிருக்கலாம். அதையடுத்து 2014இல் வந்த எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம், நாளுக்கு 100,000 வெள்ளி வரை, அதிகபட்சம் 2 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்க வழி செய்தது. எரியும் நிலம் ஒரு நிறுவனத்தினுடையது என்று வரைபடம் காட்டினால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலையில். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாம் வரைபடத்தை நம்பியிருக்கிறது. உரிமப் பகுதிக்குள்ளேயே ஒரு கிராமத்தின் அடாட் நிலம் அளக்கப்படாமல் கிடந்தால், தீ யாருடையது என்று நிறுவனமும் கிராமமும் ஒருவரையொருவர் காட்டலாம். அடாட் காடுகளை அளந்து பதிவதைப் பழங்குடிகளுக்குச் செய்யும் உபகாரமாக மட்டும் பார்ப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். சிங்கப்பூரின் வழக்குக்கே அது ஆதாரம்.

இந்தியாவின் வழி: முதலில் ஊரைக் கேள்

இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் மற்ற இரண்டு நாடுகளையும்விட ஒருபடி மேலே போகிறது. உரிமை புதிதாக வழங்கப்படுவதில்லை, ஏற்கெனவே இருப்பதை அரசு அங்கீகரிக்கிறது என்பதே அதன் அடிப்படை. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து பயிரிட்ட நிலம், ஒரு குடும்பத்துக்கு 4 ஹெக்டர் வரை. தேன், மூங்கில், புளி போன்றவற்றைச் சேகரித்து விற்கும் உரிமை. காட்டையே ஊராக நிர்வகிக்கும் சமூக உரிமை. கோரிக்கையை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. அதிகாரிகள் குழு அடுத்த கட்டம்தான். பரிசீலனை முடியும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது.

ஒப்புதல் என்பதற்குப் பல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் நியாம்கிரி சான்று. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டோங்கரியா கோந்த் மக்களின் 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

மகாராஷ்டிரத்தின் மேண்டா லேகா கதை வேறு விதம். 2009இல் சுமார் 1,800 ஹெக்டர் காட்டின் மீது அந்த ஊருக்குச் சமூக உரிமை கிடைத்தது. மூங்கிலும் அதில் அடக்கம். ஆனால் மூங்கிலை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச்சீட்டு வேண்டும், அது கிடைக்கவில்லை. 2011 ஏப்ரலில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து அனுமதிச்சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுத்த பிறகே விற்க முடிந்தது. ஒரு சீட்டுப் புத்தகம் இல்லாமல் உரிமை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு சும்மா கிடந்தது.

தமிழ்நாட்டில் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலக் கட்டுப்பாட்டால் பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் நின்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. 2019 பிப்ரவரி 13 அன்று அதே உச்ச நீதிமன்றம், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, 28ஆம் தேதி தன் உத்தரவைத் தானே நிறுத்தி வைத்தது. நிராகரித்த முறை சரியா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. 2022 வனப் பாதுகாப்பு விதிகளோ, வனவுரிமைச் சட்டப்படியான நடைமுறையை ஒன்றிய அரசின் அனுமதிக்குப் பிறகு மாநில அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளின. எல்லாம் முடிவான பிறகு ஊரைக் கேட்டால், அதை ஒப்புதல் என்பதா, அறிவிப்பு என்பதா?

கார்பன் கிரெடிட்: புதிய கையெழுத்து

சிங்கப்பூரின் கரிம வரி 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி. வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுக் கார்பன் கிரெடிட் வாங்கி ஈடுகட்ட நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. காட்டை வெட்டாமல் காத்தாலோ மீண்டும் வளர்த்தாலோ அங்கே தங்கும் கரிமத்தை டன் கணக்கில் அளந்து விற்பதும் இந்தக் கிரெடிட்டில் ஒரு வகை. திட்டத்தால் யாருக்கும் தீங்கு நேரக்கூடாது என்பது சிங்கப்பூர் விதித்துள்ள தகுதிகளில் ஒன்று.

இதனால் காட்டைக் காப்பதே பணம் தரும் தொழிலாகிறது. பழைய தகராறில் எதிரில் நின்றது அணை, சுரங்கம், தோட்டம். இப்போது நிற்பது பாதுகாப்பே. பிரம்பு வெட்டாதே, எரிக்காதே, வேட்டையாடாதே என்று சொல்ல ஒரு புதுத் தரப்பு வருகிறது, அதுவும் நல்ல காரணத்தோடு. காடு யாருடையது என்று முடிவாகாத இடத்தில் கிரெடிட் யாருடையது என்பதும் முடிவாகாது.

சட்டம் வலுவாக இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சிங்கப்பூர் முதலில் உடன்பாடு செய்துகொண்ட பாப்புவா நியூ கினியில் நிலத்தில் மிகப் பெரும்பகுதி குலங்களுக்கே சட்டப்படி சொந்தம். அங்கேயே, சிறப்பு விவசாயக் குத்தகை என்ற பெயரில் ஏறத்தாழ 5 மில்லியன் ஹெக்டர் கைமாறி, பெரும்பாலானவற்றில் நில உரிமையாளர்களின் முறையான சம்மதம் இல்லை என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது. எனவே ஒரு வனத் திட்டம் பற்றிய செய்தியைப் படிக்கும்போது எத்தனை டன் என்பதற்கு முன்னால், மூன்று விவரம் இருக்கிறதா என்று பார்க்கலாம்: நிலம் யார் பெயரில் என்பது, ஒப்புதல் எந்தக் கட்டத்தில் கேட்கப்பட்டது என்பது, ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் திட்டம் நின்றிருக்குமா என்பது. மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் முதல் இரண்டும் அலங்காரம்தான்.

சபாவில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 2021 அக்டோபரில், சிங்கப்பூரில் பதிவான ஒரு நிறுவனத்தோடு சபா மாநிலம் 100 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. 2 மில்லியன் ஹெக்டர் காட்டின் கார்பனையும் இயற்கை வளப் பயன்களையும் சந்தைப்படுத்துவது நோக்கம். சபா தரப்பில் கையெழுத்துப் போட்டவர் தலைமை வனப் பாதுகாவலர். அந்தக் காடுகளை ஒட்டி வாழும் கடசான்டுசுன், மூருட் சமூகத்தினர் பலருக்கு விவரம் தெரிய வந்தது செய்தி வழியாக. ஒப்பந்தம் இப்போதைய வடிவில் சட்ட வலு அற்றது என்று 2022 பிப்ரவரியில் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியே அறிவித்தார்.